ஆழமற்ற நீரில் ஒரு தாக்குதல்: டாரண்டோ, 1940

1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இரவில், பிரிட்டிஷ் கடற்படையின் 'இல்லஸ்ட்ரியஸ்' என்னும் ஒரே விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 21 விமானங்கள் புறப்பட்டு, இத்தாலியின் தென்கரையிலுள்ள டாரண்டோத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அந்நாட்டின் முதன்மைக் கடற்படையைத் தாக்கி, அங்கிருந்த ஆறு பெரும்போர்க்கப்பல்களில் மூன்றைச் செயலிழக்கச் செய்தன. இந்நிகழ்ச்சி பெரும்பாலும் விமானிகளின் துணிச்சலுக்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. துணிச்சல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் துணிச்சலோடு புறப்பட்டுப் பயனின்றி அழிந்த விமானப் படைகள் பல உண்டாகையால், டாரண்டோவின் வெற்றிக்கு அதனை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. அந்த இரவின் முடிவு, துறைமுக நீரின் ஆழம் எவ்வளவு, அந்த ஆழத்தில் ஒரு டார்பிடோ இயங்குமா என்ற வினாக்களில் தங்கியிருந்தது. பிரிட்டிஷார் அவற்றைச் சோதித்து விடை கண்டனர். இத்தாலியர் விடை முன்பே தெரிந்ததாக எண்ணிக்கொண்டனர். ஓராண்டுக்குப் பின் அமெரிக்கரும் ஏறத்தாழ அதே எண்ணத்தில் இருந்தனர்.

விமானந்தாங்கிக் கப்பல் என்பது, மேல்தளம் முழுவதையும் ஓடுதளமாகக் கொண்டு, சக்கரங்கள் பொருத்திய விமானங்கள் நடுக்கடலிலேயே எழவும் இறங்கவும் இடந்தரும் போர்க்கப்பலாகும். அத்தகைய கப்பலிலிருந்து கரையிலுள்ள இலக்கைத் தாக்கும் முறை டாரண்டோவில் பிறந்ததன்று. 1918 ஜூலை 19 அன்று 'ஃபியூரியஸ்' கப்பலிலிருந்து எழுந்த ஏழு சாப்வித் கேமல் விமானங்கள், அப்போது ஜெர்மனியின் வசமிருந்த டோண்டர்ன் தளத்தைத் தாக்கி இரண்டு செப்பலின் வான்கப்பல்களை எரித்தன. ஆனால் அக்காலத்துக் கப்பலின் அமைப்பு விமானங்கள் பாதுகாப்பாகத் திரும்பி இறங்க உதவாததால், சென்றவர்களுள் சிலர் கடலிலும் சிலர் நடுநிலை நாடான டென்மார்க்கிலும் இறங்க நேர்ந்தது. 1940 ஜூலையில் 'ஹெர்மிஸ்' கப்பலின் விமானங்கள் டாக்கர் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் 'ரிஷெல்யூ'வை டார்பிடோவால் தாக்கிச் சேதப்படுத்தின. எனவே துறைமுகத்தில் நிற்கும் கப்பலை விமானத்தால் தாக்குவது கற்பனைக்கு எட்டாததாக இருக்கவில்லை. வலுவாகக் காக்கப்பட்ட தளத்தில் ஒரு முழுக் கடற்படையையே அவ்வாறு தாக்கலாம் என்பதுதான் மெய்ப்பிக்கப்படாமல் இருந்தது.

இத்தாலி 1940 ஜூன் 10 அன்று போரில் இறங்கியது. பிரிட்டிஷ் கடற்படைத் தளங்களான ஜிப்ரால்டருக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் இடைப்பட்ட நடுக்கடலில் அதன் நிலப்பகுதி நீண்டு கிடந்தமையால், அதன் கடற்படை சண்டையிடாமல் துறைமுகத்தில் இருந்தபடியே பிரிட்டனைக் கட்டிப்போட இயன்றது. எப்போது வெளிப்படுமோ என்ற அச்சத்தாலேயே எதிரியின் கப்பல்களைப் பிணைத்து வைத்திருக்கும் இத்தகைய படையைப் போரியல் நூலோர் 'இருப்பாலேயே இயங்கும் கடற்படை' என்ற கருத்தில் விளக்குவர். பிரிட்டன் வசமிருந்த மால்டாத் தீவுக்குச் செல்லும் ஒவ்வொரு சரக்குக் கப்பல் தொடருக்கும் பெரும்போர்க்கப்பல்கள் காவலாகச் செல்ல வேண்டியிருந்தமைக்கும், மத்தியதரைக் கடல் கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் ஆண்ட்ரூ கன்னிங்ஹாம் தம் கப்பல்களைப் பிரித்தனுப்பத் தயங்கியமைக்கும் அதுவே காரணம். ஜூலை 9 அன்று கலாப்ரியாவுக்கு அப்பால் நடந்த மோதலில் இத்தாலியப் படை, தன் கப்பலொன்று தொலைதூரக் குண்டால் அடிபட்டதும் விலகித் துறைமுகம் திரும்பிவிட்டது. வெளியே வராத படையை அது நிற்கும் இடத்திலேயே சென்று தாக்குவதைத் தவிர வேறு வழி குறைவு.

டாரண்டோவுக்கு இரு நீர்ப்பரப்புகள் உண்டு. 'மார் கிராந்தே' என்னும் வெளித் துறைமுகம் அகன்று திறந்தது. 'மார் பிக்கோலோ' என்னும் உள் துறைமுகம் குறுகிய வாயிலுடன் நகரத்தால் மூடப்பட்டது. பெரும்போர்க்கப்பல்கள் வெளித் துறைமுகத்தில் நின்றன. இத்துறைமுகத்தைத் தாக்கும் திட்டம், இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்த அபிசீனிய நெருக்கடியின்போது எழுந்த எண்ணங்களிலிருந்து வளர்ந்து, 1938ஆம் ஆண்டின் மியூனிக் நெருக்கடிக் காலத்தில் 'குளோரியஸ்' கப்பலின் தலைவராயிருந்த லம்லி லிஸ்டரால் விரிவாக வகுக்கப்பட்டிருந்தது. 1940 செப்டம்பரில் அதே லிஸ்டர், ரியர் அட்மிரலாக, புத்தம் புதிய 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலுடன் அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து சேர்ந்தார். கோப்பில் உறங்கிய திட்டத்தை வகுத்தவரே அதை நிறைவேற்றும் இடத்துக்கு வருவது போர்களில் அரிதாகவே வாய்க்கிறது.

தாக்குதல் முதலில் டிரஃபால்கர் வெற்றி நாளான அக்டோபர் 21க்குக் குறிக்கப்பட்டது. 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலின் விமானக் கொட்டகையில் எழுந்த தீ அதைத் தள்ளிவைத்தது. பின்னர், உடன் செல்ல வேண்டிய 'ஈகிள்' கப்பலின் எரிபொருள் குழாய்கள், முன்பு அருகில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியால் பழுதடைந்திருந்தது தெரியவர, அதன் விமானங்களில் ஐந்து மட்டும் 'இல்லஸ்ட்ரியஸ்'க்கு மாற்றப்பட்டன. இவ்வாறு சேர்ந்த 24 விமானங்களிலும் மூன்று, மாசு கலந்த எரிபொருளால் புறப்பாட்டுக்கு முந்தைய நாள்களில் கடலில் வீழ்ந்தன.

எஞ்சிய 21 விமானங்களும் 'ஸ்வோர்ட்ஃபிஷ்' வகையைச் சேர்ந்தவை. மேலும் கீழுமாக இரட்டை இறக்கைகள், அவற்றைப் பிணைக்கும் கம்பிகள், துணி போர்த்திய உடல், திறந்த இருக்கைகள் என்று பார்வைக்கு முதல் உலகப் போரின் மிச்சம்போல் தோன்றிய இவ்விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். டார்பிடோவைச் சுமக்கும்போது அதனினும் குறைவு. பகலில் எதிரிப் போர்விமானம் ஒன்றின் கண்ணில் பட்டால் தப்புவது கடினம் என்பதாலேயே தாக்குதல் இரவுக்கு ஒதுக்கப்பட்டது. எனினும், மெதுவாகப் பறப்பதும் தாழ்வாகப் பறந்தாலும் நிலைகுலையாமல் இருப்பதும் இந்தக் குறிப்பிட்ட பணிக்குக் குறைகளாக அமையாமல் தகுதிகளாகவே அமைந்தன. வேகமான விமானத்திலிருந்து ஆழங்குறைந்த நீரில் டார்பிடோவை இறக்குவது அன்று மிகக் கடினமாயிருந்தது. நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்ததால் மூவர் அமரும் விமானத்தில் இருவரே அனுப்பப்பட்டனர். டார்பிடோ சுமந்தவற்றில் கூடுதல் எரிபொருள் தொட்டி நோக்கரின் இருக்கையை எடுத்துக்கொள்ள, நோக்கர், அதாவது வழிகாட்டியாகவும் செய்தித் தொடர்பாளராகவும் செயற்படுபவர், பின்னாலிருந்த துப்பாக்கிவீரரின் இடத்துக்கு நகர்ந்தார்.

டார்பிடோ என்பது நீருக்கடியில் தானே இயங்கிச் சென்று கப்பலின் அடிப்பகுதியைத் தாக்கும் வெடிக்கலம். விமானத்திலிருந்து விழும் டார்பிடோ முதலில் தலைகீழாக ஆழத்துக்குப் பாய்ந்து, பின்னரே தன் சுக்கான்களின் உதவியால் மேலெழுந்து குறித்த மட்டத்தில் ஓடத் தொடங்கும். நீர் ஆழங்குறைந்திருந்தால் அந்த முதற்பாய்ச்சலிலேயே அது சேற்றில் புதைந்துவிடும். மார் கிராந்தேயில் கப்பல்கள் நின்ற பகுதியின் ஆழம் ஏறத்தாழ 12 முதல் 15 மீட்டர்வரைதான். இதற்குப் பிரிட்டிஷார் கண்ட தீர்வு எளிமையானது: விமானத்தில் பொருத்திய உருளையில் சுற்றப்பட்ட மெல்லிய கம்பி டார்பிடோவின் மூக்கோடு இணைக்கப்பட்டது. டார்பிடோ விழும்போது கம்பி அவிழ்ந்துகொண்டே அதன் மூக்கைச் சற்றே தூக்கிப் பிடித்தமையால், அது தலைகீழாகப் பாயாமல் வயிறு பட விழுந்தது. இத்துடன், ஓடும் மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர் என வைக்கப்பட்டு, மோதினால் மட்டுமன்றிக் கப்பலின் எஃகு உண்டாக்கும் காந்தப்புல மாறுதலை உணர்ந்தாலும் வெடிக்கும் இருவழித் தூண்டிப்பொறி பொருத்தப்பட்டது. பக்கச்சுவரின் கவசத்தை மோதுவதைக் காட்டிலும், கவசமில்லாத அடித்தளத்தின் கீழ் வெடிப்பது பெருஞ்சேதம் விளைக்கும் என்பதே இதன் கருத்து.

இத்தாலியத் தரப்பின் காவல் தாளில் வலுவானதாகவே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமான எதிர்ப்புப் பீரங்கிகளும், இருநூறுக்குச் சற்றுக் குறைவான இயந்திரத் துப்பாக்கிகளும் துறைமுகத்தைச் சூழ்ந்திருந்தன. தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்க, எஃகு வடங்களில் கட்டி மிதக்கவிடப்படும் தடுப்பு பலூன்கள் இருந்தன. ஆனால் நவம்பர் முதல் வாரத்துப் புயற்காற்று அவற்றுள் 60ஐ அடித்துச் செல்ல, 27 மட்டுமே எஞ்சின. டார்பிடோவைத் தடுக்கும் எஃகு வலைகள் 12,800 மீட்டர் தேவைப்பட்டன. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கட்டப்பட்டிருந்தது, ஏனெனில் பீரங்கிப் பயிற்சிக்குக் கப்பல்கள் விரைவாக வெளியேற வலைகள் இடையூறாயிருந்தன. கட்டப்பட்ட வலைகளும் கடற்தரைவரை எட்டவில்லை. மோதினால் மட்டுமே வெடிக்கும் டார்பிடோவை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது போதுமான தடுப்பே. கப்பலின் அடியில் வெடிக்கக்கூடிய டார்பிடோவுக்கு அந்த இடைவெளி திறந்த கதவாயிற்று. ரேடார் கருவி இன்மையால், வரும் விமானத்தை அறிய ஒலிகேட்கும் நிலையங்களையே இத்தாலியர் நம்பியிருந்தனர்.

இவற்றுள் பலூன்களைப் பற்றிய செய்தி தாக்குவோருக்குக் கடைசி வேளையில்தான் கிடைத்தது. மால்டாவிலிருந்து பறந்த அமெரிக்கத் தயாரிப்பான மேரிலாண்ட் வேவு விமானங்கள் எடுத்த படங்களைக் கெய்ரோவில் ஆராய்ந்த டேவிட் பொல்லாக் என்ற கடற்படை உளவு அதிகாரி, அவற்றிலிருந்த வெண்புள்ளிகள் தடுப்பு பலூன்களே என்று கண்டறிந்தார். அதன்பின் விமானங்கள் அணுகும் வழி மாற்றியமைக்கப்பட்டது. துறைமுகத்தின் நிலையைப் பிரிட்டிஷார் நாள்தோறும் அறிந்திருக்க, பிரிட்டிஷ் கடற்படை எங்கே இருக்கிறது என்பதை இத்தாலியர் அறியவில்லை. மால்டாவுக்கும் கிரேக்கத்துக்கும் செல்லும் பல கப்பல் தொடர்களின் நடமாட்டத்துக்குள் 'இல்லஸ்ட்ரியஸ்'இன் பயணம் மறைக்கப்பட்டிருந்தது. அதைத் தேடி வந்த இத்தாலிய வேவு விமானங்களை, ரேடாரால் முன்னறிந்து அக்கப்பலின் ஃபுல்மர் போர்விமானங்கள் வீழ்த்தின. இத்தாலியக் கடற்படைக்கும் விமானப்படைக்கும் இடையிலிருந்த ஒத்துழைப்பின்மையையும் இதனோடு சேர்த்தெண்ண வேண்டும். வீரம் வெளிப்படுவதற்கு முன்பே போரின் பெரும்பகுதி இந்த அறிவு வேறுபாட்டில் முடிந்துவிட்டது எனலாம்.

செஃபலோனியாத் தீவுக்கு அருகே, டாரண்டோவிலிருந்து ஏறத்தாழ 170 கடல் மைல் தொலைவில், இரவு 8.40 மணியளவில் கென்னத் வில்லியம்சன் தலைமையில் 12 விமானங்கள் கொண்ட முதல் அணி எழுந்தது. அவற்றில் ஆறு டார்பிடோவையும் ஏனையவை குண்டுகளையும் வெளிச்சக்குண்டுகளையும் சுமந்தன. வெளிச்சக்குண்டு என்பது பாராசூட்டில் தொங்கியபடி மெல்ல இறங்கி எரிந்து ஒளி தருவது. மேகக்கூட்டத்தில் அணி சிதறியதால், ஒரு விமானம் மற்றவற்றுக்கு முன்பே துறைமுகத்தை அடைந்து, காவலர்களை விழிக்கச் செய்தவாறே அங்கு வட்டமிட்டுக் காத்திருந்தது. எனவே ஏனையவை வந்தபோது பீரங்கிகள் ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தன. இரவு 11 மணிக்குச் சற்று முன் துறைமுகத்தின் கிழக்கோரமாக வெளிச்சக்குண்டுகள் வரிசையாக இறங்க, அவ்வொளியின் பின்னணியில் கப்பல்களின் வடிவம் கருநிழலாகத் தெளிந்தது. டார்பிடோ விமானங்கள் மேற்கிலிருந்து இறங்கி, நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் கப்பல்களுக்கிடையே புகுந்தன. அவ்வளவு தாழ்வாகப் பறந்த விமானத்தைச் சுடக் குழலைத் தாழ்த்தினால் குண்டு தம் சொந்தக் கப்பலையே தாக்கக்கூடும் என்ற இக்கட்டு காவலர்களுக்கு நேர்ந்தது. வில்லியம்சனின் டார்பிடோ 'கோந்தே தி கவூர்' கப்பலைத் தாக்கியது; அவரது விமானம் உடனே வீழ்ந்தது; அவரும் அவருடைய நோக்கர் நார்மன் ஸ்கார்லெட்டும் சிறைப்பட்டனர். புதிய பெருங்கப்பலான 'லிட்டோரியோ'வை இரு டார்பிடோக்கள் தாக்கின.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கி எழுந்த இரண்டாம் அணிக்கு ஜே. டபிள்யூ. ஹேல் தலைமை தாங்கினார். ஒன்பதில் ஒன்று, கூடுதல் தொட்டி கழன்று விழுந்ததால் திரும்பியது. மற்றொன்று கப்பல்தளத்தில் வேறொரு விமானத்தோடு உரசிக் கிழிந்த இறக்கையை அவசரமாகச் செப்பனிட்டுக்கொண்டு, அனுமதி பெற்று, ஏறத்தாழ 25 நிமிடம் தாமதமாகத் தனியே கிளம்பியது. முழுவதும் விழித்திருந்த துறைமுகத்துக்குள் நள்ளிரவையொட்டி நுழைந்த இவ்வணியின் வேலை முதல் அணியினதைவிடக் கடினமானது என்பதை நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. 'லிட்டோரியோ' மூன்றாம் முறையும், 'கயோ டூய்லியோ' ஒரு முறையும் தாக்குண்டன. ஜெரால்ட் பெய்லியும் ஹென்றி ஸ்லாட்டரும் சென்ற விமானம் வீழ்ந்து இருவரும் மாண்டனர். ஏனையவை விடியலுக்கு முன்பே கப்பலை அடைந்தன. மறுநாள் இரவும் தாக்கும் எண்ணம் இருந்தது. வானிலை கெட்டதால் அது கைவிடப்பட்டது.

ஏவப்பட்ட 11 டார்பிடோக்களில் ஐந்து இலக்கைத் தாக்கின. ஒன்று வெடிக்காமல் 'லிட்டோரியோ'வின் அடியில் சேற்றில் கிடந்து பின்னர் கண்டெடுக்கப்பட்டது. குண்டுகளின் பயன் மிகக் குறைவு. 'டிரெண்டோ' என்ற குரூசர் மீது விழுந்த குண்டு வெடிக்கவேயில்லை. 'கவூர்' கடற்தரையில் அமர்ந்து, பின்னர் மிதக்க வைக்கப்பட்டபோதும் போருக்குத் திரும்பவில்லை. 'லிட்டோரியோ'வும் 'டூய்லியோ'வும் பழுது நீங்கி 1941இன் முற்பாதியில் பணிக்கு வந்தன. இங்கு ஆழத்தின் மறுபக்கம் தெரிகிறது: டார்பிடோவைத் தடுக்குமென நம்பப்பட்ட ஆழமின்மை அதைத் தடுக்கவில்லை, ஆனால் அடிபட்ட கப்பல்களை ஆழ்கடலுக்குப் பலிகொடுக்காமல் மீட்க வாய்ப்பளித்தது அதுவே. திறந்த கடலில் அடிபட்டிருந்தால் இம்மூன்றின் கதி வேறாயிருந்திருக்கும்.

இதனால் டாரண்டோவின் விளைவை மிகைப்படுத்தும் வழக்கத்தைச் சற்றுக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது. சேதமடையாத கப்பல்கள் உடனே வடக்கே நேப்பிள்ஸ் முதலிய இடங்களுக்கு விலகின. அதனால் கிழக்கு மத்தியதரைக் கடலில் கன்னிங்ஹாமுக்குச் சில மாதங்கள் கைகள் கட்டவிழ்ந்தன என்பது உண்மை. ஆயினும் தாக்குதல் நடந்து 16 நாள்களுக்குள், நவம்பர் 27 அன்று, 'விட்டோரியோ வெனெட்டோ', 'ஜூலியோ சேசரே' என்னும் பெரும்போர்க்கப்பல்கள் சார்டினியாவின் தென்முனைக்கு அப்பால் பிரிட்டிஷ் படையை எதிர்கொள்ள வெளிவந்தன. லிபியாவுக்குச் செல்லும் இத்தாலியச் சரக்குக் கப்பல்களும் நின்றுவிடவில்லை. டிசம்பரில் கடற்படைத் தலைவர் கவக்னாரியும் கடற்படைத் தளபதி கம்பியோனியும் பதவி மாற்றப்பட்டமை, அரசியல் அதிர்ச்சி இராணுவ இழப்பைவிடப் பெரிதாயிருந்ததைக் காட்டுகிறது. இத்தாலித் தீபகற்பமே ஒரு விமானந்தாங்கி என்று கூறித் தனி விமானந்தாங்கிகளைக் கட்டாதிருந்த முசோலினி அரசு, 'ரோமா' என்ற பயணிகள் கப்பலை 'அக்விலா' என்ற பெயரில் விமானந்தாங்கியாக மாற்றும் வேலையைப் பின்னர் தொடங்கியது. அது போர் முடியும்வரை நிறைவேறவில்லை. 'இல்லஸ்ட்ரியஸ்' கூட வெற்றியை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1941 ஜனவரி 10 அன்று ஜெர்மானியக் குத்துப்பாய்வு விமானங்களின் குண்டுகள் பலவற்றால் அடிபட்டு, கவசமிட்ட தளத்தின் உறுதியால் மூழ்காமல் தப்பி, மால்டா வழியாகவும் பின்னர் சூயஸ் வழியாகவும் அமெரிக்காவின் நார்ஃபோக் நகருக்குப் பழுதுபார்க்கச் சென்றது.

டாரண்டோவின் உண்மையான எதிரொலி வேறு கடல்களில் கேட்டது. ஜப்பானின் பெர்லின் தூதரகத்தில் கடற்படைத் துணை அதிகாரியாயிருந்த டகேஷி நைட்டோ துறைமுகத்தை நேரில் சென்று பார்வையிட்டு, பின்னர் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தின் மீதான விமானத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ ஃபுச்சிடாவிடம் அதுபற்றி விரிவாகப் பேசினார். இதைக் கொண்டு ஜப்பானியத் திட்டமே டாரண்டோவின் பிரதி என்று கூறுவாருமுண்டு, அது பொருந்தாது. அட்மிரல் யமமோட்டோவின் திட்டம் ஆறு விமானந்தாங்கிகளிலிருந்து ஏறத்தாழ 350 விமானங்களைப் பகலொளியில் ஏவியது. அளவிலும் முறையிலும் அது வேறு. டாரண்டோ தந்தது நம்பிக்கைதான்: ஆழங்குறைந்த நீரில் இது நடக்கும் என்ற நம்பிக்கை. ஜப்பானியரின் தீர்வு கம்பியன்று. டார்பிடோவின் பின்புறத்தில் மரத்தாலான துணைச் செதில்களைப் பொருத்தி, ஏறத்தாழ 12 மீட்டரே ஆழமுள்ள பேர்ல் துறைமுக நீரில் அது புதையாமல் ஓடச் செய்தனர்.

அமெரிக்கர் செய்தி அறியாதிருந்தவர்கள் அல்லர். தாக்குதல் இரவில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் ஓபி பார்வையாளராக 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலிலேயே இருந்து அறிக்கை அனுப்பினார். 1941 ஜனவரியில் கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ், பேர்ல் துறைமுகத்தின் மீது திடீர்த் தாக்குதல் நிகழக்கூடும் என்று போர்ச் செயலருக்கு எழுதினார். ஆயினும் பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டார்க், விமானத்திலிருந்து டார்பிடோ ஏவக் குறைந்தது 75 அடி, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் ஆழமாவது வேண்டும் என்ற கணிப்பில், அங்கு வலைகள் தேவையில்லை என்று கருதினார். ஜூனில் அக்கருத்து திருத்தப்பட்டது. எந்தத் துறைமுகத்தையும் ஆழத்தைக் காரணமாக்கிப் பாதுகாப்பானதெனக் கொள்ள இயலாது என்று அறிவிக்கப்பட்டது. வலைகள் மட்டும் ஜப்பானியர் தாக்கிய டிசம்பர் 7வரை கட்டப்படவில்லை.

டாரண்டோவையும் பேர்ல் துறைமுகத்தையும் கண்டபின் துறைமுகத்தை அடைக்கலமாக நம்பாதவர்களும் இருந்தனர் என்பதற்கு இலங்கையே சான்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தபோது, இலங்கையின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் கொழும்பிலும் திருகோணமலையிலும் நின்ற கப்பல்களில் இயன்றவற்றையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார். ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கிய விமானங்களுக்கு அங்கு இரை குறைவாகவே கிடைத்தது. ஆனால் அதே நாள் 'கார்ன்வால்', 'டார்செட்ஷயர்' என்ற குரூசர்கள் திறந்த கடலில் மூழ்கடிக்கப்பட்டன; ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்த 'ஹெர்மிஸ்', தன் விமானங்கள் எதுவும் உடனில்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. டாக்கரில் நங்கூரமிட்ட கப்பலைத் தாக்கிய அதே 'ஹெர்மிஸ்'தான் அது. வான்காவல் இல்லாத கப்பலுக்குத் துறைமுகமும் கடலும் ஒன்றே என்ற நிலைக்கு இரண்டே ஆண்டுகளில் கடற்போர் வந்து சேர்ந்திருந்தது. 'இல்லஸ்ட்ரியஸ்' 1944இன் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வந்து, அமெரிக்காவின் 'சரடோகா'வுடன் சேர்ந்து, ஏப்ரல் 19 அன்று ஜப்பானியர் வசமிருந்த சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிற்று. அப்போது அதன் தளத்தில் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களின் இடத்தில் பாரக்கூடாக்கள் நின்றன.